கல்லறைமேல் ஒரு மன்னிப்புப் பத்திரம்

பீற்றர் அபெலார் என்ற பெயரை நம்மிற் பலர் ஒரு காதற் கதையின் வழியாகவே அறிந்திருக்கிறோம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரில் ஆசிரியர் ஒருவர் தம் மாணவியை விரும்பினார். அவளுடைய உறவினர் அவரைக் கொடுமையாகத் தண்டித்தனர். இருவரும் துறவு பூண்டனர். இவ்வளவோடு கதை முடிந்துவிடும். நாடகக்காரரும் நாவலாசிரியரும் பெரும்பாலும் அதற்கு மேலே போவதில்லை. எனக்கோ அக்கதையைக் காட்டிலும் அதன் கடைசியில் வருகின்ற ஒரு சிறு பத்திரமே பெரிதாகத் தோன்றுகிறது. அபெலார் இறந்த பின்னர், அவருடைய பாவங்கள் யாவும் பொறுக்கப்பட்டன என்று எழுதி முத்திரையிட்டு அனுப்பப்பட்ட பத்திரம் அது. கல்லறைமேலே தொங்கவிடுவதற்காக அதனைக் கேட்டுப் பெற்றவர், ஒரு காலத்தில் அவருக்கு மாணவியாயும் பின்னர் மனைவியாயும் இருந்த எலோயிஸ். இதில் வியப்பு யாதெனில், பதவியின் பெயரால் வழங்கப்படும் பாவப் பொறுத்தலுக்கு என்ன வலிமை உண்டு என்று வினாவியவர் அபெலாரே. அவ்வாறு வினாவியதும் அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. செயலை அன்று, எண்ணத்தையே கடவுள் நிறுத்துப் பார்க்கிறார் என்று போதித்த ஒருவருடைய வாழ்க்கை இந்தப் பத்திரத்தில் வந்து முடிந்தது எவ்வாறு என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

1079 ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் மேற்கே பிரித்தனி நாட்டில், நாந்த் நகருக்கு அண்மையிலுள்ள லெ பலே என்னும் ஊரிலே அபெலார் பிறந்தார். தந்தை போர்வீரர், ஆயினும் கல்வியில் ஆர்வமுடையவர். மூத்த மகனுக்குரிய நிலமும் வாளும் அபெலாருக்குக் காத்திருந்தன. அவர் அவற்றைச் சகோதரருக்கு விட்டுவிட்டுச் சொற்போரையே தமக்குரிய போராகத் தேர்ந்துகொண்டார். தருக்கம் எங்கே நன்கு போதிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டாரோ அங்கெல்லாம் நடந்தார். ரோஸ்லினிடம் கற்றார், பின்னர் பாரிசிலே சம்போ ஊரவரான வில்லியம் என்னும் புகழ்பெற்ற ஆசானிடம் கற்றார். வகுப்பிலே எழுந்து அந்த ஆசானின் கொள்கையையே மறுத்து, அவர் அதனை மாற்றிக்கொள்ளும்படி செய்தார். மெலனிலும் கோர்பேயிலும் தாமே கலாசாலை நடத்தினார். இறையியல் கற்கவென்று லாவோன் நகரத்து முதியவரான அன்செல்மிடம் சென்றவர், சில நாட்களிலேயே அவரையும் ஏளனஞ் செய்து, விவிலியத்துக்குத் தாமே விளக்கஞ் சொல்லத் தொடங்கினார். கூர்த்த அறிவு, அதனினும் கூர்த்த நா. தமக்குக் கற்பித்தவர்களை மாணவர் முன்னிலையில் தலைகுனியச் செய்வதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆசிரியத் தொழிலில் இருந்தோர் எவரும் விரும்பமாட்டார்.

1114 ஆம் ஆண்டளவில் நோத்ர தாம் பேராலயக் கலாசாலையின் தலைமை ஆசான் பதவி அவருக்குக் கிடைத்தது. பல தேசங்களிலிருந்தும் மாணவர் வந்து குவிந்தனர். பொருளும் புகழும் சேர்ந்தன. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அப்பொழுதுதான் எலோயிசைப் பற்றிக் கேள்விப்பட்டார். பேராலயக் குருமார் குழுவைச் சேர்ந்த புல்பேர் என்பவருடைய மருமகள் அவள். இலத்தீன் மொழியில் அவள் பெற்றிருந்த புலமை அக்காலத்தில் ஆடவருக்கும் அரிதாயிருந்தது.

இனி நடந்ததை அபெலாரே பின்னாளில் தம்முடைய துன்பங்களின் வரலாறு என்னும் நீண்ட கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதனைப் படிப்பவர் முதலில் திடுக்கிடுவது செயலை எண்ணி அன்று, எண்ணத்தை எண்ணியே. காதல் தற்செயலாக வந்து தம்மைப் பற்றிக்கொண்டது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை அடைய வேண்டுமென்று முதலில் முடிவு செய்ததாகவும், அதற்கு வழி தேடியே புல்பேரின் வீட்டில் வாடகைக்கு இடங் கேட்டதாகவும் ஒளிவின்றிச் சொல்கிறார். புல்பேருக்குப் பணத்தின்மேல் ஆசை. மருமகளின் கல்வியின்மேல் அதனினும் ஆசை. இரவும் பகலும் கற்பிக்கலாம், படிக்காவிட்டால் அடித்துந் திருத்தலாம் என்று அவளை ஆசிரியர் கையில் ஒப்படைத்துவிட்டார். நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்வதற்கென்றே அவ்வீட்டினுள் நுழைந்தவர் பிற்காலத்தில் எண்ணமே பாவத்தின் இருப்பிடம் என்று நூல் எழுதினார். தம்மைத் தப்பவிடுவதற்காக அவர் அந்தக் கொள்கையைக் கண்டுபிடித்தார் என்று எவரும் சொல்ல இயலாது. அக்கொள்கை முதலிற் பிடிப்பது அவரையே.

விரைவிற் புல்பேருக்கு உண்மை தெரிந்தது. கருவுற்ற எலோயிசை அபெலார் இரகசியமாகப் பிரித்தனிக்கு அனுப்பினார். அங்கே அவருடைய சகோதரியின் வீட்டில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவியின் பெயரை, அஸ்திரலாப் என்று, தாய் அவனுக்கு இட்டாள். கற்றவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஏற்ற பெயர்தான். புல்பேரின் சினத்தைத் தணிக்க அவளை மணந்துகொள்வதாக அபெலார் வாக்களித்தார். ஆனால் மணம் மறைவாயிருக்க வேண்டும் என்றார். எலோயிசோ மணமே வேண்டாம் என்று வாதாடினாள். ஞானம் தேடுபவனுக்குத் தொட்டிலும் தாலாட்டும் தடை என்றும், மனைவி என்ற பட்டத்தினும் அன்புக்குரியவள் என்ற பெயரே தனக்கு இனியது என்றும் அவள் சொன்ன காரணங்கள் பல. இறுதியில் ஒரு விடியற்காலையில், பாரிசிலுள்ள கோவிலொன்றில், சிலர் மட்டும் சாட்சியாக நிற்க மணம் நடந்தது. புல்பேர் குடும்பத்தார் இரகசியத்தைக் காக்கவில்லை. எலோயிஸ் அதனை மறுத்துச் சத்தியஞ் செய்தாள். அதற்காக வீட்டில் வசையும் துன்பமும் பட்டாள். அவளைக் காப்பதற்கென்று அபெலார் ஆர்ஜன்தேய் கன்னியர் மடத்திற் கொண்டுபோய் விட்டார். அவளைத் துறவியாக்கித் தொலைத்துவிட அவர் எண்ணுகிறார் என்று உறவினர் கொண்டனர். கூலி கொடுத்து வேலைக்காரன் ஒருவனைத் தம் வசப்படுத்தி, ஓரிரவு அபெலாரின் உறக்க அறையினுட் புகுந்து, அவருடைய ஆண்மையை அறுத்தெறிந்தனர். பிடிபட்ட இருவர் கண்ணும் ஆண்மையும் இழந்தனர். அவர்களுள் ஒருவன் அந்த வேலைக்காரனே.

1117 ஆம் ஆண்டளவில் நடந்த இக்கொடுமையின் பின்னர் அபெலார் சென் தெனி மடத்திற் சேர்ந்தார். பக்தி அன்று, வெட்கமே தம்மை அங்கே தள்ளியது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தாம் துறவாடை அணிவதற்கு முன்னரே எலோயிசை அணியும்படி செய்தார். இருபது வயதை ஒட்டிய பெண் கணவனின் கட்டளைக்காகக் கன்னியர் முக்காட்டை ஏற்றுக்கொண்டாள். தன்னை நம்பாமையாற்றான் தன்னை முதலில் அனுப்பினார் என்ற நோவு அவள் நெஞ்சில் நெடுங்காலம் இருந்தது.

அபெலார் தம் பகைவரை எளிதில் மன்னித்தாரா? இல்லை. அக்காலத்திற் புல்க் என்னும் துறவித் தலைவர் ஒருவர் அவருக்கு எழுதிய கடிதம் எஞ்சியுள்ளது. புல்பேருக்குத் தக்க தண்டனை கிடைக்கவில்லை என்று மனங் கொதித்து, உரோமாபுரிக்குச் சென்று முறையிட எண்ணியவரை, வேண்டாம், பணமின்றி அங்கே எதுவும் நடவாது, பழிவாங்கும் எண்ணத்தைத் துறவியாகிய நீர் விட்டுவிடும் என்று அவர் தடுக்கிறார். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, தாம் வஞ்சித்த மனிதன் தம்மை வஞ்சித்தது கடவுளின் நீதியான தீர்ப்பு என்று அபெலார் எழுதுகிறார். மன்னிப்பு அவரிடத்திற் காலந் தாழ்த்தியே முளைத்தது.

அடுத்து வந்த ஆண்டுகளின் அலைச்சலை விரிக்க வேண்டியதில்லை. 1121 இல் சுவாசோன் நகரிற் கூடிய சபை, திரித்துவத்தைப் பற்றி அவர் எழுதிய நூலை அவர் கையாலேயே நெருப்பிலிடச் செய்தது. சென் தெனி துறவிகளின் பாதுகாவலரான புனிதர் யார் என்ற வரலாற்றைக் கிளறியதால் அவர்களுடைய பகையையுந் தேடிக்கொண்டார். நோஜன் ஊருக்கு அண்மையில், ஆளில்லாத வெளியிலே, நாணலும் வைக்கோலுங் கொண்டு ஒரு செபக்கூடம் கட்டினார். மாணவர் அங்கும் வந்து குடிசை போட்டுக்கொண்டனர். தேற்றுபவர் என்ற பொருளில் அதற்குப் பரக்கிளீற் என்று பெயரிட்டார். பின்னர் பிரித்தனிக் கடற்கரையிலுள்ள சென் ஜில்தா மடத்துக்கு அதிபராகச் சென்றார். அங்கே அவருடைய மொழி அந்நாட்டாருக்கு விளங்கவில்லை. அந்நாட்டார் மொழி அவருக்கு விளங்கவில்லை. மடத்துத் துறவிகளோ பூசைக் கிண்ணத்திலேயே நஞ்சு கலந்து அவரைக் கொல்ல முயன்றனர்.

1129 இல் ஆர்ஜன்தேய் மடத்தை, சென் தெனி மடத்தின் அதிபரான சூஜே தம்முடையதென்று கேட்டு, கன்னியரை வெளியேற்றினார். அவர்களுள் எலோயிசும் ஒருவர். இருக்க இடமின்றி நின்ற அவருக்கும் அவருடன் வந்தோருக்கும் அபெலார் பரக்கிளீற்றைக் கொடுத்தார். 1131 இல் பாப்பரசர் இரண்டாம் இன்னசென்ற் அக்கொடையை உறுதிப்படுத்தினார். எலோயிஸ் அம்மடத்தின் தலைவியானார். இதுகாறும் அவள் என்று எழுதி வந்த என் பேனா இவ்விடத்தில் அவர் என்று எழுதத் தானே விரும்புகிறது.

தம் துன்பங்களை அபெலார் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் தற்செயலாக எலோயிஸ் அம்மையாரின் கைக்கு வந்தது. அதனைப் படித்துவிட்டு அவர் எழுதிய மடல்கள் உலக இலக்கியத்தில் இடம் பெற்றவை. காதலின் உருக்கத்திற்காகப் பலர் அவற்றைப் போற்றுகின்றனர். நான் அவற்றிற் காண்பது, ஆசானின் கொள்கையை ஆசானுக்கு எதிராகவும் தமக்கு எதிராகவும் திருப்பிப் பிடிக்கின்ற மாணவியின் துணிவு. செய்த செயலின் விளைவிலன்று, செய்பவரின் உள்ளத்திலேயே குற்றம் உள்ளது என்றால், அபெலாருக்குத் தம்மால் வந்த கேட்டைப் பொறுத்தவரை தாம் மிகப் பெரிய குற்றவாளியாயினும் குற்றமற்றவரே என்கிறார். அத்துடன் நின்றாரில்லை. அதே அளவுகோலைத் தம் துறவின் மீதும் வைக்கிறார். உலகம் தம்மைக் கற்புடையவர் என்று புகழ்கிறது. பூசை வேளையிலுங்கூடப் பழைய இன்பங்களின் நினைவே தம் உள்ளத்தை நிறைக்கிறது என்பதை உலகம் அறியாது. கடவுளை விரும்பியன்று, அபெலாரின் கட்டளைக்குப் பணிந்தே மடம் புகுந்தமையால், கடவுளிடமிருந்து தமக்குக் கூலி ஏதும் கிடையாது என்கிறார். வெளியிலே குறையில்லாத செயல். உள்ளேயோ அச்செயலுக்குரிய எண்ணம் இல்லை. இவ்வளவு நேர்மையோடு தன்னைத்தானே நிறுத்துப் பார்த்த உள்ளம் எந்தக் காலத்திலும் அரிது.

அபெலாரின் மறுமொழி சற்றுக் கடினமாகவே இருக்கிறது. பழைய இன்பத்தை நினைந்து ஏங்கவேண்டாம், அது அன்பே அன்று, இச்சை என்கிறார். அதற்குச் சான்றாக, எலோயிஸ் உடன்படாமல் தம்மாலியன்றமட்டும் தடுத்த வேளைகளிலும் மிரட்டியும் அடித்தும் இணங்கச் செய்ததை ஒளியாமற் கூறுகிறார். இந்தப் பகுதியைக் காதற் கதை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுவர். விடலாகாது. மன்னிக்கப்பட வேண்டியது இன்னதென்று தெரியாமல் மன்னிப்பைப் பற்றிப் பேசிப் பயனென்ன? முந்திய மடலொன்றில் அவர் வேறொரு வேண்டுகோளும் விடுத்திருந்தார்: தாம் எங்கே இறந்தாலும் தம் உடலைப் பரக்கிளீற்றுக்குக் கொண்டுவந்து புதைக்க வேண்டும், அங்குள்ள கன்னியர் தமக்காகச் செபிக்க வேண்டும்.

1130 களின் இறுதியில் அவர் மீண்டும் பாரிசிற் கற்பித்துக் கொண்டிருந்தபொழுது எழுதிய நூலே அறவியல் என்பது. உன்னையே நீ அறி என்ற பொருளுடைய மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. அக்காலத்துப் பாவசங்கீர்த்தன நூல்கள் பெரும்பாலும் கணக்குப் புத்தகங்கள் போன்றவை. இன்ன பிழைக்கு இத்தனை நாள் உபவாசம், இன்ன பிழைக்கு இத்தனை ஆண்டு தவம் என்று பட்டியலிடுவன. அபெலார் அந்தப் பட்டியலின் அடித்தளத்தையே அசைத்தார். பிறர் தோட்டத்துப் பழத்தைக் கண்டு ஆசை எழுவது பாவமன்று. தகாதது என்று அறிந்தும் அந்த ஆசைக்கு உள்ளம் இசைவதே பாவம். இசைந்த பின்னர் கை நீண்டதோ, காவற்காரன் வந்தமையால் நீளாமற் போயிற்றோ, பாவத்தின் அளவு ஒன்றே. நன்மைக்கும் அவ்வாறே. ஏழைகளுக்கு விடுதி கட்ட இருவர் எண்ணினர். ஒருவர் கட்டி முடித்தார். மற்றவருடைய பணத்தைக் கள்வர் கொண்டுபோயினர். கடவுள் முன்னிலையில் இருவரும் ஒத்தவரே என்கிறார். குற்றவாளி ஒருவனைத் தூக்கிலிடும் இருவருள் ஒருவன் நீதிக்காகவும் மற்றவன் பழைய பகைக்காகவும் கயிற்றை இழுக்கலாம். கயிறு ஒன்றுதான்.

அந்நூலிலே என் மனத்தை விட்டு நீங்காத எடுத்துக்காட்டு ஏழைத் தாயினுடையது. பனிக்காலத்து இரவு. தொட்டிற் குழந்தைக்குப் போர்த்தத் துணியில்லை. இரக்கத்தால் அவள் குழந்தையைத் தன்னோடு அணைத்துத் தன் கந்தலால் மூடிப் படுக்கிறாள். அயர்வு மேலிட்டு உறங்கிவிடுகிறாள். விடியும்பொழுது குழந்தை மூச்சடைத்து இறந்து கிடக்கிறது. மேற்றிராணியாரிடம் அவள் வரும்பொழுது அவளுக்குக் கடுமையான தண்டனை விதிக்கப்படுகிறது. அவளிடத்திற் குற்றம் உண்டா? அணுவளவும் இல்லை, அன்பே உண்டு என்கிறார் அபெலார். ஆயினும் தண்டனை தவறென்றும் அவர் சொல்லவில்லை. அவளும் மற்றைத் தாய்மாரும் மேலும் விழிப்பாயிருக்கும் பொருட்டு அது விதிக்கப்படுகிறது. மனிதர் உள்ளத்தைக் காணமாட்டாதவர். ஆதலாற் கண்ட செயலுக்கே தீர்ப்பிடுகின்றனர். பொய்ச்சாட்சியை உடைக்க வழியில்லாத நீதிபதி, குற்றமற்றவன் என்று தான் அறிந்தவனையுங்கூடத் தண்டிக்க நேரிடும். கடவுள் ஒருவரே எண்ணத்தைச் சோதிப்பவர்.

வகுப்பறையில் நின்ற எவருக்கும் இந்த வேறுபாடு புதிதன்று. ஒரு பிள்ளை முழங்கை பட்டு மைக்கூட்டைக் கவிழ்க்கிறான்; இன்னொருவன் வேண்டுமென்றே கவிழ்க்கிறான். இருவரையும் ஒரே வகையாகத் தண்டித்த நாட்களில், வேண்டுமென்று செய்யாத பிள்ளையின் முகத்தை ஆசிரியர் மறக்க முடிவதில்லை. அபெலார் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர். ஆனால் தண்டனை கொடுத்த ஆசிரியரையும் அவர் முற்றாகக் கைவிடுவதில்லை. அதுவே அவரை வெறும் கலகக்காரரினின்றும் வேறுபடுத்துகிறது.

மனம் நல்லது என்று நினைத்தாற் போதுமா என்ற தடையையும் அவர் மறந்தாரில்லை. நல்லதென்று தோன்றுவதாலே ஓர் எண்ணம் நல்லதாகிவிடாது. தோன்றுகிறபடியே அது உண்மையிலும் கடவுளுக்கு உவந்ததாயிருத்தல் வேண்டும். எனினும் அறியாமையாற் பிழைப்பவனை, அறிந்து பிழைப்பவனோடு சேர்த்துப் பாவி என்று அழைக்கலாகாது. இக்கொள்கையை அவர் அதன் கடைசி எல்லை வரையிற் கொண்டுசென்றார். கிறிஸ்துநாதரைச் சிலுவையில் அறைந்தவர்கள், கடவுளுக்கு உகந்ததைச் செய்வதாகவே மெய்யாக நம்பியிருந்தால், அவர்கள்மீது உண்மையான குற்றம் இல்லை. தம் மனச்சாட்சிக்கு மாறாக அவரை விட்டிருந்தாலே பெருங் குற்றமாகும் என்றார். அப்படியாயின், அவர்களை மன்னிக்கும்படி கிறிஸ்துநாதர் பிதாவை வேண்டியது எதற்கு? குற்றமில்லாதவிடத்தும் இவ்வுலகத் தண்டனை வரலாம்; அந்தத் தண்டனையை நீக்கவே வேண்டினார் என்பது அபெலாரின் விடை. அறிவுக்கு அது பொருந்துகிறது. சிலுவையில் தொங்குபவரின் வாயிலிருந்து வந்த அந்த வேண்டுதலை இவ்வளவு சிறிதாக்கலாமா என்று என் மனம் ஒப்ப மறுக்கிறது. மன்னிப்பு என்ற சொல் அபெலாரின் தராசிலே நிறுக்க முடியாத ஒன்றாக எஞ்சுகிறது என்பதே என் கருத்து.

பாவப் பொறுத்தலைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. நரகத்துக்கு அஞ்சி வருந்துவது பயனற்றது. கடவுளின் அன்பை எண்ணி வருந்தும் கணத்திலேயே மனிதன் கடவுளோடு ஒப்புரவாகிவிடுகிறான். பிறர்பொருளைக் கவர்ந்தவர் அதனைத் திருப்பிக் கொடாமற் சாவுப் படுக்கையில் அழுவதால் ஆவதொன்றில்லை. காசு வாங்கிக்கொண்டு தவத்தைக் குறைக்கும் குருமாரை அவர் சாடுகிறார். கட்டவும் அவிழ்க்கவும் கொடுக்கப்பட்ட அதிகாரம் அப்போஸ்தலருக்கு அவர்களுடைய புனிதத்தின் பொருட்டே கொடுக்கப்பட்டது. பதவியில் மட்டும் அவர்களைப் பின்தொடர்ந்து வாழ்க்கையிற் பின்தொடராத மேற்றிராணிமாரின் தீர்ப்பைக் கடவுள் ஏற்கவேண்டியதில்லை என்ற கருத்தும் அங்கே உள்ளது.

இத்தகைய கருத்துகள் கிளேர்வோ மடத்து அதிபரான பேர்னாட்டின் செவிக்கு எட்டின. பேர்னாட் அக்கால ஐரோப்பாவிலே பாப்பரசருக்கும் அரசருக்கும் அறிவுரை கூறிய பெருந்துறவி. விசுவாசத்தின் மறைபொருள்களைத் தெருவிலே இழுத்துவந்து தருக்கம் செய்வது அவருக்குப் பொறுக்கவில்லை. 1140 ஆம் ஆண்டில் (1141 என்று கொள்ளும் ஆய்வாளரும் உளர்) சான்ஸ் நகரிலே, ஏழாம் லூயி மன்னர் முன்னிலையிற் சபை கூடியது. பலர் அறிய வாதிடலாம் என்று அபெலார் வந்தார். ஆனால் முன்னாள் மாலையிலேயே பேர்னாட் மேற்றிராணிமாரைத் தனியே கூட்டி, அபெலாருக்குரியவை எனச் சொல்லப்பட்ட கூற்றுகளைத் தவறென்று தீர்மானிக்கச் செய்திருந்தார். தண்டிக்கப்பட்ட கூற்றுகள் 19. கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்தோரைப் பற்றியதும், கட்டி அவிழ்க்கும் அதிகாரத்தைப் பற்றியதும் அவற்றுள் அடங்கும். வாதிட வந்தவர் வாய் திறக்கவில்லை. பாப்பரசரிடம் முறையிடுவதாகக் கூறி வெளியேறினார்.

பேர்னாட் செய்தது நேர்மையான வாதம் அன்று என்பது என் துணிபு. ஆனால் திருச்சபையைக் காப்பதாகவே அவர் மெய்யாக எண்ணினார். அபெலாரின் தராசிலே அவரை நிறுத்தால், தம்மை வீழ்த்தியவரைக் குற்றவாளி என்று அபெலார் சொல்லக்கூடவில்லை. தம் கொள்கையின் கூர் இவ்வாறு தம் பக்கமே திரும்பும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

அறுபது வயதைக் கடந்து, நோயுற்ற உடலோடு உரோமாபுரி நோக்கிப் புறப்பட்டவர், வழியிலே குளூனி என்னும் பெருமடத்திற் தங்கினார். அங்கே அதிபராயிருந்தவர் வணக்கத்துக்குரியவர் என்று வரலாறு அடைமொழி சூட்டிய பீற்றர். இதற்குள் பாப்பரசரின் தீர்ப்பும் வந்தது: அபெலார் இனிப் பேசலாகாது, அவருடைய நூல்கள் எரிக்கப்பட வேண்டும். அதிபர் பீற்றர் அபெலாரோடு வாதிடவில்லை. கொள்கையைக் கைவிடுமாறு அச்சுறுத்தவுமில்லை. இந்த முதியவர் எஞ்சிய நாட்களை இங்கேயே கழிக்க விடவேண்டும் என்று பாப்பரசருக்கு எழுதினார். சீத்தோ மடத்து அதிபரின் துணையோடு அபெலாரை பேர்னாட்டிடம் அனுப்பி இருவரையும் ஒப்புரவாக்கினார். அவர்கள் சந்தித்தபொழுது யார் எதை விட்டுக்கொடுத்தனரோ, பகை தணிந்தது என்பது மட்டும் அக்கடிதத்தால் தெரிகிறது. பிறரை நாணச் செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த அபெலார், குளூனியிலே துறவிகளின் வரிசையிற் கடைசியானவர் போல எளிய உடையும் குறைந்த உணவுமாக, படிப்பும் மௌனமுமாக இருந்தார் என்று பீற்றர் எழுதுகிறார். நோய் முற்றியபொழுது, நல்ல காற்றுக்காக சாலோன் நகருக்கு அருகிலுள்ள சென் மார்செல் மடத்துக்கு அவரை அனுப்பினார். 1142 ஏப்ரில் 21 இல் அங்கே அபெலார் இறந்தார்.

இச்செய்தியை எலோயிஸ் அம்மையாருக்கு எழுதியவரும் பீற்றரே. கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குத் துறவி ஒருவர் எழுதிய கடிதங்களில் அதற்கு ஒப்பானதை நான் படித்ததில்லை. நடந்தவற்றை அவர் மூடி மறைக்கவில்லை. முதலில் உடலாற் சேர்ந்தீர்கள், பின்னர் அதனினும் வலிய தெய்வ அன்பினாற் சேர்ந்தீர்கள் என்ற கருத்துப்பட எழுதி, கடவுள் உங்களுக்காக அவரைத் தம்மிடத்தில் வைத்திருந்து மீண்டும் தருவார் என்று தேற்றுகிறார். எலோயிஸ் தம் துறவைப் பொய் என்று இகழ்ந்துகொண்ட அதே வாழ்க்கையை இவர் மெய்யென்று ஏற்றுக்கொள்கிறார். எண்ணத்தைக் கடவுளிடம் விட்டுவிட்டு, கண்ட செயலுக்கு மதிப்புக் கொடுத்தார் என்றே எனக்குப் படுகிறது.

பின்னர் அவர் அபெலாரின் உடலைச் சென் மார்செல் மடத்தாருக்குத் தெரியாமல் எடுத்து, தாமே பரக்கிளீற்றுக்குக் கொண்டுவந்தார். பழைய மடலிலே அபெலார் கேட்டது அவ்வாறு நிறைவேறியது. அங்கே பூசை வைத்துக் கன்னியருக்குப் போதித்துவிட்டுச் சென்றார். அதற்கு நன்றி கூறி எழுதிய கடிதத்திலேதான் எலோயிஸ் அம்மையார் மூன்று பொருள்களைக் கேட்டார். தாம் இறந்தபின் குளூனியில் முப்பது பூசை நடக்கும் என்று பீற்றர் தந்த வாக்கை முத்திரையிட்ட கடிதமாகத் தரவேண்டும். அபெலாரின் பாவங்கள் பொறுக்கப்பட்டன என்பதை யாவரும் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதி முத்திரையிட்டு, கல்லறைமேற் தொங்கவிட அனுப்பவேண்டும். மூன்றாவதாக, மகன் அஸ்திரலாபுக்கு ஏதேனும் ஒரு பேராலயத்திலே மானியத்துடன் கூடிய பதவி கிடைக்க உதவவேண்டும்.

எண்ணமே யாவும் என்று அபெலாருக்கே எடுத்துக்காட்டியவர் அவர். அபெலார் கடவுளோடு ஒப்புரவாவதற்கு மனிதர் முத்திரை வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆயினும் கேட்டார். சுவாசோனிலும் சான்சிலும் அபெலாரைத் தண்டித்த தீர்ப்புகள் பலர் அறிய வாசிக்கப்பட்டவை. மன்னிப்பும் பலர் அறிய வாசிக்கப்படவேண்டும் என்று அவர் கருதினார் போலும். கல்லறையைக் கடந்து செல்லும் கன்னி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து வாசிக்க வேண்டும்.

பீற்றர் அனுப்பிய பத்திரம் மிகச் சிறியது. பீற்றர் அபெலாரைக் குளூனித் துறவியாக ஏற்றவரும், அவர் உடலை மறைவாகக் கொணர்ந்து பரக்கிளீற் தலைவிக்கும் கன்னியருக்கும் அளித்தவருமாகிய தாம், கடவுளின் அதிகாரத்தாலும் புனிதர் யாவரின் அதிகாரத்தாலும், தமது பதவியின் முறைமைப்படி, அவரை எல்லாப் பாவங்களினின்றும் விடுவிப்பதாக அதில் எழுதியிருந்தார். பதவியின் முறைமைப்படி! பதவி மட்டும் போதாது, புனிதமும் வேண்டும் என்று அபெலார் வாதிட்ட இடம் இதுவே. அவரை ஏற்று, பகைவனோடு சேர்த்து, பிணத்தைச் சுமந்துவந்த கையே இதில் ஒப்பமிட்டது. அபெலார் கேட்ட தகுதியும் அக்கைக்கு இருந்தது.

எலோயிஸ் அம்மையார் இதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பரக்கிளீற்றை ஆண்டு, 1164 அளவில் இறந்து, அபெலாரின் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. 1817 இல் இருவருடைய எலும்புகளும் பாரிசிலுள்ள பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன. மூன்று வேண்டுகோள்களுள் முதலிரண்டையும் பீற்றர் தடையின்றி நிறைவேற்றினார். மகனைப் பற்றிய மூன்றாவதற்கு மட்டும், தம்மாலியன்றதை மகிழ்வோடு செய்வதாகவும், ஆனால் மானியம் கொடுப்பதென்றால் மேற்றிராணிமார் ஏதேனும் சாக்குச் சொல்லிக் கையை இறுக்கிக்கொள்வர், அது எளிதன்று என்றும் மறுமொழி எழுதினார்.